கரண்டியில் இருக்கும் உப்பு

1

இந்தக் கதை ஒரு செய்திக் கட்டுரையில் மிஞ்சிய துண்டு. மட்டக்களப்பில் ஓர் இரசாயன ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அங்கே ஓர் ஆய்வு மாணவி, தான் ஒட்டியது கழன்று விழவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். செய்தியில் அதற்கு இடமில்லை. அவளுக்குச் சுலக்ஷனா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: கல்லடிப் பாலத்துத் தூண்களில் சிப்பிகள் யுகயுகமாக ஒட்டி—

(வேண்டாம். பாலத்துக்கு அவ்வளவு வயதில்லை.)

இரண்டாவது: சிப்பி தண்ணீருக்குள்ளேயே பசை சுரந்து ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்துச் சுலக்ஷனாவும் ஒரு பசை செய்தாள். நண்டோட்டிலிருந்து பிரித்த, கண்ணுக்கே தெரியாத நார்களை அதில் கலந்தாள். புளியந்தீவுக் கரையில் அள்ளிய வாவித் தண்ணீரை நிரப்பிய தொட்டிக்குள் இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டி, கீழ்த்தகட்டில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டாள். விழவேயில்லை.

இது நிற்கட்டும்.

2

அடுத்த கிழமை அதே கரை, அதே பசை, புதிதாக அள்ளிய தண்ணீர். ஒட்டவில்லை. இன்னொரு முறை செய்தாள். அதுவும் இல்லை. பசையும் தீர்ந்தது.

"ஒருக்கா ஒட்டினத வெச்சு மாநாட்டுக்குப் போக ஏலாது," என்றார் அவளுடைய பேராசிரியர் ஜெயராஜா. "பின்னேரத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டிக் கட்டுரையத் திருப்பி எடுத்திருவம்."

(முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன். அநியாயம். அவரும் மதியம் சாப்பிடவில்லை.)

கூட ஆய்வு செய்யும் டினேஷ், பழைய தண்ணீரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த முதல் தகட்டைக் காட்டினான். "இதுக்கு மாலை போட்டுக் கும்பிடுவமா?"

"வாய மூடுடா."

3

அப்போது கிரான் கிராமத்திலிருந்து அவளுடைய அப்பா பாக்கியராசா அழைத்தார்.

"புள்ள, நம்மட வட்டை தப்பிற்று! முகத்துவாரத்த வெட்டி விட்டதால வெள்ளமெல்லாம் கடலுக்குப் போயிற்று."*

"எப்ப வெட்டின?"

"போன வெள்ளி. டவுன்ல இருக்காய், தெரியாதா?"

"அப்பா! வெள்ளம் போனா கடல் உள்ளுக்கு வருமே!"

"வரட்டும். வயலுக்கா வரப்போகுது?"

* வாவி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம்; அதை மணல் அடைத்திருக்கும். வட்டை, அதாவது வயல்வெளி, மூழ்கினால் வெட்டித் திறப்பார்கள். கதையே இதில்தான் நிற்கிறது.

கரை அதேதான், தண்ணீர் வேறு. முதலில் அள்ளியது மழைவெள்ளம். பிறகு அள்ளியது உப்பு.

"உப்புத்தான் சேர்!" என்று ஜெயராஜாவிடம் ஓடினாள்.

"அப்ப கடலுக்கு உதவாத பசை," என்றான் டினேஷ். "இதுக்கா துள்ளுறாய்?"

"டேய், உப்புப் பட்டா விடுற பசைடா! ஒட்டச் சொன்னா ஒட்டும், விடச் சொன்னா விடும். சிப்பிக்கே அது தெரியாது!"

ஜெயராஜா கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "காட்டு."

காட்டுவதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரே தகடுதான். உப்பிட்டால் விழவேண்டும். விழாவிட்டால் அவள் சொன்ன காரணம் பிழை, கட்டுரையும் போய்விடும்.

4

முடிவு அ: குண்டு தொட்டியின் அடியில் 'டங்' என்று—

முடிவு ஆ: குண்டு அசையவில்லை. சுலக்ஷனா மெல்லக் கரண்டியை—

இரண்டையும் வெட்டிவிட்டேன். பயத்தினால் அல்ல. "முடிவில ஆசை உள்ளவன் அளவெடுக்கக் கூடாது" என்று ஜெயராஜா தன் மாணவர்களுக்குச் சொல்வார். எனக்கு ஆசை இருக்கிறது. அது விழவேண்டும், பெருஞ்சத்தத்தோடு விழவேண்டும். ஆகவே நான் இந்தச் சோதனைக்குத் தகுதியில்லாதவன்.

மூன்று பேரும் தொட்டியருகே குனிந்திருக்கிறார்கள். டினேஷ் போனில் வீடியோ எடுக்கிறான். "விழு, விழு," என்று சுலக்ஷனா முணுமுணுக்கிறாள். உப்பு இன்னும் கரண்டியில்தான் இருக்கிறது.

உங்களுக்கு அவளைத் தெரியாது, ஆசையும் இருக்காது. கரண்டியை நீங்கள் சரியுங்கள்.