ஏட்டம்மாவின் எண்ணெய்க் குப்பி

விழுப்புரம் பக்கத்துக் காணையில் கிருஷ்ணவேணி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏட்டம்மா வீடு என்றால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார்கள். எஸ்.எஸ்.ஐ. ஆகித்தான் அவள் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஊர்தான் அந்தப் பதவி உயர்வைக் கண்டுகொள்ளவே இல்லை. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் பாதி, விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் பஸ்ஸையும் லாரியையும் மறித்துச் சோதனை போட்டே கழிந்தது. பஸ் படியில் கால் வைக்கும்போதே உள்ளே கஞ்சா இருக்கிறதா இல்லையா என்று ஏட்டம்மா மூக்கு சொல்லிவிடும் என்பார்கள். அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட ஏட்டம்மாவுக்குச் சொந்தப் பேத்தியைத் தூக்க முடியவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் இடது விலாவில் அக்கி போட்டது. குயவர் வீட்டு முருகையன் வந்து செங்காவி குழைத்து எழுதிவிட்டுப் போனார். விழுப்புரம் டாக்டரும் மாத்திரை எழுதினார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. யார் வைத்தியத்தில் உதிர்ந்தன என்பதில் இன்றுவரை வீட்டில் தகராறு. ஆனால் வலி மட்டும் போகவில்லை. நரம்பில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். ரவிக்கைத் துணி உரசினால்கூட அடுப்புக்கங்கை அழுத்தியது போல எரிந்தது. அதற்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தலை சுற்றி, பட்டப்பகலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் மகள் பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பானுவே, இவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள், ஒரே பிள்ளை. அவள் பெற்ற பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர கிருஷ்ணவேணிக்கு அப்போது வேறு ஆசை கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஆசையாக வாங்கினாள். குழந்தை காலை உதறியது, பிஞ்சுக் குதிகால் விலாவில் பட்டது. அடுத்த நொடி அவள் கை தானாக விட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற பானு பாய்ந்து பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தொட்டில் பக்கம் போனாலே பானு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். குளிப்பாட்டுவதற்கு அம்சா என்ற பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றும்போது, கிருஷ்ணவேணி துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது ஒன்றுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த டியூட்டி.

பானுதான் விசாரித்து, திண்டிவனத்தில் ஒரு சித்த மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் அஸ்ஃபியா கோட்டக்குப்பத்துப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். வலியைப் பற்றி அரைமணி நேரம் கேட்டாள், போடுகிற மாத்திரைகளை எல்லாம் எழுதிக்கொண்டாள், பிறகு சொன்னாள்.

"ஒரு எண்ணெய் கீதும்மா. நாக்குக்கு அடியில சொட்டு விட்டுக்கணும். கஞ்சா இலையிலேர்ந்து எடுக்கறது."

கிருஷ்ணவேணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "யார்கிட்ட என்னா பேசறோம்னு தெரிஞ்சிதான் பேசறியாம்மா?"

"தெரியும்மா. உங்க பொண்ணு சொன்னாங்க. அதனாலதான் பேரை மறைக்காம சொல்றேன். பூவுக்குத்தான் சட்டத்துல தடை. இது இலை மட்டும்தான். லைசென்ஸ் வாங்கின கம்பெனி செய்யுது. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கமாட்டாங்க."

"போட்டா சரியாப் பூடுமா?"

"அப்படிச் சொல்லமாட்டேன். கொஞ்சம் பேருக்கு நரம்பு வலி கொறையுது, கொஞ்சம் பேருக்குக் கேக்கறதில்ல. பத்து வலி அஞ்சு வலி ஆனாலே நல்லதுதானே. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க. எண்ணெய் எடுத்துக்கினா தூக்கம் வரும், ஸ்கூட்டி ஓட்டாதீங்க. ராத்திரி கொழந்தையைப் பக்கத்துல போட்டுக்கினு தூங்கவே கூடாது."

குழந்தை என்ற சொல்லைக் கேட்டதும் கிருஷ்ணவேணி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாளில் கூரியர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் பிரித்து நாக்கில் விட்டிருப்பார்கள். கிருஷ்ணவேணி முதலில் புருஷன் நடராசனைக் கூப்பிட்டாள், பிறகு அம்சாவைக் கூப்பிட்டாள். இரண்டு சாட்சி முன்னிலையில் பெட்டியைப் பிரித்து, முப்பது மில்லி குப்பி ஒன்று, மூடி முத்திரை உடையாமல் இருந்தது, ரசீது ஒன்று, மருத்துவர் சீட்டு ஒன்று என்று ஒரு முழுத்தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"மருந்து வாங்கினியா, இல்ல கேஸ் போடறியா?" என்றார் நடராசன். கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

"நீங்க கையெழுத்தைப் போடுங்க, பேசாம."

எல்லாம் முறையாக முடிந்ததும் குப்பியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மூன்று நாள் அது பூட்டியே கிடந்தது. திறக்கப் போனால் கை வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட அம்சா சும்மா இருப்பாளா? ஏட்டம்மா வீட்டுப் பீரோவில் கஞ்சா இருக்கிறது என்று குளத்தங்கரைவரை சேதி போய்விட்டது. கடைசியில் கிருஷ்ணவேணிக்கு ஒரு யோசனை தோன்றியது. நாமே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் யார் நாக்கும் நீளாது அல்லவா? போலீஸ் வேலை பார்த்தவளுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

"வேணாம் வேணி. வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காத," என்றார் நடராசன்.

"சட்டப்படிதானே வாங்கியிருக்கோம். சொல்லிட்டு சாப்புட்டா என்னா?"

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கோபி இருந்தான். ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே கான்ஸ்டபிளாக இருந்தவன், பரீட்சை எழுதி மேலே வந்தவன். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான், டீ சொன்னான். அவன் யூனிஃபார்மில் இருந்ததால் அவள் சார் என்றே கூப்பிட்டாள். அவன் நெளிந்தான். அவள் குப்பியை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். கோபியின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போயிற்று. பக்கத்து மேஜையிலிருந்த ரைட்டர், யாரும் கேட்காமலே பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"மேடம், நீங்களா இது? என்னாத்துக்கு மேடம் இதெல்லாம்?"

"மருந்துக்குத்தான் சார்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது. டோல்கேட்டில் பிடிபட்டவர்களில் பாதிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறாள். ஒருமுறை பெருமுக்கல் பக்கத்து ஆள் ஒருவர், கழுத்தில் கட்டுப் போட்டவர், சின்னப் பொட்டலத்தோடு பஸ்ஸில் மாட்டினார். வலி தாங்கலம்மா, மருந்துக்குத்தான் என்று தொண்டை எழும்பாமல் சொன்னார். எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான் என்று சொல்லிக்கொண்டே பறிமுதல் மகஜர் எழுதினாள். அவர் சொன்னது நிஜமோ பொய்யோ, கழுத்தில் என்ன கட்டு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டத்தில் தப்பு செய்யவில்லைதான். ஆனாலும் இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சீட்டு கீது, ரசீது கீது, பாருங்க சார்," என்றாள்.

"பாத்தேன் மேடம். ஆனா எனக்கு இது புதுசு. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னா பதில் சொல்றது? மேல கேட்டுக்கறேன். அதுவரைக்கும் பாட்டில் இங்கயே இருக்கட்டும்."

ரைட்டர் பேனாவைத் திறந்தார்.  ஒரு தடவை பதிவேட்டில் ஏறிவிட்டால் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அந்தக் குப்பி திரும்பாது என்பது அந்த அறையில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள். அவள் யாரிடமும் கெஞ்சியதில்லை.

"எழுதிடாதீங்க சார். பேத்தியைத் தூக்கணும் நான்."

கோபி அவளையே பார்த்தான். பிறகு ரைட்டரைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஆனால் குப்பியைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்ததும் நடராசனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஊர்ல அவனவன் போலீசுக்குத் தெரியாம ஒளிக்கறான். நீ ஆட்டோ புடிச்சிப் போயி ஒப்படைச்சிட்டு வந்துகீற!"

கோபத்தில் அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. கோபம் கோபிமேலும் இல்லை, புருஷன்மேலும் இல்லை, தன்மேல்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் பைக் சத்தம் கேட்டது. கோபி வேட்டி சட்டையில் வந்திருந்தான். யூனிஃபார்ம் இல்லாததால் அவள் பழையபடி, "வா கோபி, உக்காரு," என்றாள். நடராசன் மல்லாட்டை வேகவைத்து, ஒரு தட்டு நிறைய அந்தக் கடலையைக் கொண்டுவந்து வைத்தார்.

"பேஜாராப் பூடிச்சி ஏட்டம்மா," என்றான் கோபி, தோலை உரித்துக்கொண்டே. "அந்த டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். ஒன்னரை மணி நேரம் எனக்கு கிளாஸ் எடுத்துட்டாங்க. பூவுக்கு என்னா சட்டம், இலைக்கு என்னா சட்டம்னு பக்கம் பக்கமா அனுப்பிட்டாங்க. லைசென்ஸ் நகல் வேற. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். உங்க பாட்டில்ல ஒரு தப்பும் கெடையாது." சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தான். "நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்காது. வேற யார் கையிலயாச்சும் பாத்திருந்தா, எதையும் கேக்காமலே தூக்கி உள்ள வச்சிருப்பேன்."

கிருஷ்ணவேணி இன்னும் ரெண்டு கை மல்லாட்டையை அள்ளி அவன் தட்டில் போட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொன்னபடி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். மூடியைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் துரத்தித் துரத்திப் பிடித்த வாசனையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கசந்தது. பானு சிரித்துக்கொண்டே, "என்னாம்மா, ஏதாவது தெரியுதா?" என்றாள். "உன் மூஞ்சி தெரியுது, போடி," என்றாள் அவள்.

முதல் வாரம் வாய்தான் உலர்ந்தது. வலி அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் அளவைக் கூட்டியபோது காலையில் தலை கிறுகிறுத்தது. டாக்டரிடம் சொன்னாள், அவள் ஒரு சொட்டைக் குறைத்தாள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை விழித்தபோது விலாமேல் போர்வை கிடந்தது. கிடக்கிறது என்பதே பார்த்த பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். நான்கு நாள் தனக்குத் தானே சோதித்துப் பார்த்தாள். தலையணையை இடது பக்கம் வைத்து அணைத்தாள், அரிசிப் பையை வைத்து அணைத்தாள். எரிச்சல் இருந்தது, ஆனால் கை விடவில்லை.

ஐந்தாம் நாள், பத்து மணி இருக்கும். அம்சா வேலை முடித்துப் போய்விட்டாள். நடராசன் கொல்லையில். பானு தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை வீரிட்டது. கிருஷ்ணவேணி குனிந்தாள். பிசகினாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று முதலில் தொட்டிலை ஒட்டியிருந்த கட்டிலில் உட்கார்ந்தபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் தூக்கி இடது பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். குழந்தை காலை உதறியது. குதிகால் சரியாக அதே விலாவில் பட்டது.

வலித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கை இறுகியதே தவிர விடவில்லை. குழந்தை இன்னொரு உதை விட்டுவிட்டு, அழுகையை நிறுத்தி, அவள் கழுத்தில் வாயை வைத்துத் தேடியது. அவள் எழுந்து நின்றாள், நடந்தாள், கூடத்துக்கும் வாசலுக்குமாக இரண்டு நடை போனாள். இத்தனை சந்தோஷம் தன் உடம்பில் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

அழுகைச் சத்தம் கேட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட பானு ஓடி வந்தாள். வழக்கம் போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"குடும்மா, குடு, ஜல்தி!"

கிருஷ்ணவேணி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"போடி. நீ போயி தலையைத் தொவட்டிக்கினு வா. நான் குடுக்கமாட்டேன்."