அமீனா பீயின் கட்டிலுக்குப் பதினெட்டு அடி

திருவல்லிக்கேணியில் வஜீஹாவின் வீட்டு வாசலிலிருந்து அவள் அம்மா அமீனா பீயின் கட்டிலுக்குப் பதினெட்டு அடி. வஜீஹா நாட்டுத் தொண்டர் படையில் சேர்ந்த ஆறாம் மாதம் அது முந்நூறு அடியாகியிருந்தது. அளந்தவர் பக்கத்துப் போர்ஷன் டைலர் அக்பர் பாஷா. பொய் சொல்கிற ஆளில்லை. அவர் தனியாக அளந்தால் பழைய பதினெட்டுதான். ஒரு முனையை வஜீஹா பிடித்துக்கொண்டு நடந்தால் டேப் போதவில்லை, கயிறு வாங்கிவர வேண்டியிருந்தது.

படையில் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை. நகரத்தில் தனியாகக் கிடக்கும் முதியவர்கள் பெருகிவிட்டார்கள், விருப்பமுள்ளவர்கள் ஓராண்டு கொடுங்கள் என்றார்கள், வஜீஹா கொடுத்தாள். முக்கியமான விதி ஒன்றுதான்: சொந்த வீட்டில் தொண்டு செய்யக் கூடாது. நியாயமான விதி, யாரைக் குற்றம் சொல்வது? அதுதான் எரிச்சல். அவளுக்குக் கோபாலபுரத்தில் பார்வை போன சுவாமிநாதனை ஒதுக்கினார்கள். மகள் ஒருத்தி உண்டு என்பார் அவர், வஜீஹா கண்டதில்லை. பகலெல்லாம் அவருக்குச் சவரம் செய்தாள், சாதம் பிசைந்து கொடுத்தாள், பேப்பர் படித்துக் காட்டினாள். திரும்பி வரும்போதெல்லாம் வீடு இரண்டடி நீண்டிருந்தது. அம்மாவுக்கு எடுத்துப்போகும் சாயா வழியிலேயே ஏடு கட்டி ஆறிப்போனது.

“ஊரெல்லாம் போய்க்கினு வர்றே, எங்கிட்ட வர இன்னாடி இம்மாம் நேரம்?” என்று அமீனா பீ கத்துவாள். குரல் மட்டும் சன்னமாக வந்து சேரும்.

இனி அம்மாவின் முகத்தையே பார்க்க முடியாமல் போய்விடும் என்று பயந்து, வஜீஹா நான்கு நாள் லீவு போட்டாள். வீடு எட்டடி சுருங்கியது. ஐந்தாம் நாள் அவள் கோபாலபுரம் போனபோது, மாற்றாள் யாரும் வராமல், சுவாமிநாதன் குளியலறைத் தரையில் பட்டினியாகக் கிடந்தார். அதன்பின் லீவு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

திட்டம் பிரமாதம் என்று முடிவாகி, எல்லா வார்டுகளுக்கும் விரிவாக்கினார்கள். பகலெல்லாம் துணையில்லாத அமீனா பீயும் பட்டியலில் ஏறினாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஷ்ரேயா என்ற பெண் வந்தாள். வாசலில் செருப்பை விட்டவள், ஒன்பதே எட்டு வைத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த வஜீஹாவுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவள் சுவாமிநாதனின் மகள்.

“எங்காத்துலயும் இதே கதைதான். நானும் சேர்ந்து ஒரு வருஷமாச்சு, அப்பாவைப் பாத்து மூணு மாசமாச்சு. நீங்க வராத அந்த நாலு நாளும் அப்பா கூப்பிடறதைக் கேட்டுண்டே ஹால்ல ஓடினேன். போய்ச் சேர முடியலை. எப்படி இருக்கார்?”

“நல்லாத்தான் கீறாரு. நேத்து மோவாயில சின்னதா வெட்டிடுச்சு, என் கைதான். மன்னிச்சுக்கமா.”

ஷ்ரேயா தன் மோவாயைத் தடவிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டுக்கான படிவம் வந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போடாவிட்டால் கிடக்கிற இரண்டு பேருக்கும் யார் இருக்கிறார்கள்? அக்பர் பாஷா கயிறு வாங்குவதை நிறுத்திவிட்டார்.

இப்போது தினமும் மாலையில் இருவரும் பஸ் ஸ்டாப்பில் சந்திக்கிறார்கள். முதல் நாளே ஷ்ரேயா ஒரு பிளாஸ்கை நீட்டினாள்.

“உங்கம்மா குடுக்கச் சொன்னா. நான் கொண்டு வந்தா ஆறாதாம்.”

வஜீஹா மூடியில் ஊற்றினாள். சாயா நாக்கைச் சுட்டது. நின்றபடியே முழுவதும் குடித்துவிட்டு, சுவாமிநாதன் இன்று இரண்டு தோசை சாப்பிட்டார் என்றாள்.