ரோஸ்மேரித் தண்ணீர்

கொதிக்கவைத்து வடிகட்டிய ரோஸ்மேரித் தண்ணீரில் பஞ்சை நனைத்து, அக்காவின் தலையில் ஒற்றிக்கொண்டிருந்தாள் தங்கை. கருகருவென்று அரை அங்குலத்துக்கு முடி.

"எவ்வளவுடி வந்திருக்கு?"

"நிறைய வந்திருக்குக்கா."

"பாத்தியா! செடி வச்சப்போ, மொட்டைக்கேத்த மொட்டை மாடின்னு சிரிச்சியே."

தெருமுனையில் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்து முடி கொட்டியதும், தடவினால் முடி வளரும் என்று யாரோ சொல்ல, ரோஸ்மேரிக் கன்று வாங்கினாள். பாதி மண், பாதி மணல், நல்ல வெயில். தங்கை தண்ணீர் ஊற்றப் போனால் அக்கா மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். "ஈரம் இருக்குடி, ஊத்தி ஊத்தியே கொன்னுடாதே" என்று விரட்டுவாள். செடி செழித்தது. முடிதான் வருவேனா என்றது.

அப்புறம் ஒருநாள் டாக்டர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். இனி மருந்து ஏற்றிப் பிரயோஜனமில்லை, நிறுத்திவிடலாம் என்றார். "உடம்பு தேறட்டும்னு கொஞ்சம் இடைவெளி விட்டிருக்காங்க" என்று அக்காவிடம் தங்கை வாய் கூசாமல் சொன்னாள். மருந்து நின்றதும் முடி துளிர்த்தது. எல்லாம் ரோஸ்மேரி மகிமை என்று, வந்தவர் போனவரிடமெல்லாம் அக்கா தலையைத் தடவிக் காட்டினாள்.

"அடுத்த மாசம்... கடையைத் திறந்துடலாம்டி." இதைச் சொல்வதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"திறக்கலாம்க்கா."

பஞ்சை நனைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அக்கா போய்விட்டாள். மறைத்தது சரியா தப்பா என்று கேட்க இனி ஆளில்லை. தங்கை அந்தத் தலையைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து வீடு காலியானதும் கீழ்வீட்டு அத்தை தயங்கித் தயங்கிப் படியேறி வந்தாள்.

"கேக்கக் கூடாத நேரம்தாம்மா. என் மருமகளுக்கு மருந்து ஏறுது. தலை பூரா கொட்டிப்போய், கண்ணாடியே பாக்க மாட்டேங்குறா. உங்க அக்காவுக்கு எவ்வளவு அழகா வந்துச்சு! அதுல ஒரு கொம்பு தருவியா?"

தங்கை மாடிக்குப் போனாள். விரல் நீளத்தில் இரண்டு கொம்பு வெட்டி, அடியிலைகளை உருவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தண்ணி கம்மியா ஊத்துங்க அத்தை."

"சரிம்மா. முடி எப்போ வரும்?"

"இப்போதைக்கு வரவே வேணாம் அத்தை."

அத்தை படியிறங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது.