பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் மழை

1

“மழ வருமா, பாரு” என்று லோகேஸ்வரி கேட்டாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வராதும்மா” என்றாள் தாமரை. கைப்பேசியைத் தொடவில்லை. மைலோவில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தாள்.

மழை என்றால் கொமுட்டர் ரயில், இல்லையென்றால் மோட்டார் சைக்கிள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடைக்கு லோகேஸ்வரி இப்படித்தான் போய்வந்தாள். அன்று மோட்டாரை எடுத்தாள்.

லோகேஸ்வரி என் மனைவி. அன்று அவள் வீடு திரும்பவில்லை. தாமரை எங்கள் மகள், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம். இந்தக் கதை பிறந்தது அந்த “வராதும்மா”வில். ஆனால் முதலில் எழுதியபோது அதை நான் மாற்றிவிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2

என் தொடக்கங்கள்:

வானம் அன்று ஏதோ சொல்ல வந்ததுபோல் —

[இல்லை. வானம் யாரிடமும் எதுவும் சொல்ல வருவதில்லை.]

மற்றச் சனிக்கிழமைகளைப் போலவே அந்தச் சனிக்கிழமையும் —

[இப்படி ஆரம்பித்தால் யாரோ சாகப்போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு?]

தாமரை கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். “நல்ல வெயில்தாம்மா” என்றாள்.

இதை அடிக்கவில்லை. பிள்ளை பார்த்துத்தான் சொன்னாள், பொய் சொன்னது முன்னறிவிப்பு. பழியைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

3

மாற்றி எழுதக் காரணம் பரமேஸ்வரன். லோகேஸ்வரியின் அண்ணன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாமரையைப் பார்த்துச் சொன்னார்:

“எப்பப் பாரு போனத்தான் நோண்டிக்கிட்டு இருக்கே. அன்னைக்கு ஒரு வாட்டி அதத் தொறந்து பாத்திருக்கக் கூடாதா பாப்பா?”

“சும்மா இருங்க மச்சான்” என்றேன்.

“சும்மாதான் லா கேட்டேன். இதுக்கு ஏன் கோவம்?” என்று சொல்லி இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. தாமரை மட்டும் எழுந்து கை கழுவப் போனாள்.

இப்போது அவள் கைப்பேசியில் மூன்று வானிலைச் செயலிகள். மின்னல் குறி இருந்தால் பள்ளிக்குப் போகமாட்டாள். நான் துறைமுகக் கிடங்கு வேலைக்குக் கிளம்பினால் சாவியை ஒளித்துவைப்பாள். கிள்ளானில் மின்னல் குறி இல்லாத நாளை எங்கே தேடுவது? இப்படியே போனால் இந்த ஆண்டுத் தேர்வில் உட்காரவிட மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே இது உங்களுக்காக எழுதிய கதையல்ல. அவள் படிக்கவேண்டும் என்று எழுதியது. நீங்கள் பிறகு வந்தவர்கள்.

4

கதையை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மலையில் மோதி ஏறும் காற்று கொடுக்கும் மழை ஒரு வகை. பருவக்காற்று கொண்டுவந்து நாள்முழுக்க அழுதுவடியும் மழை இன்னொரு வகை. எங்கள் பிற்பகல் மழை வேறு. காலை வெயிலில் தரை சூடாகி ஈரக்காற்று மேலே ஏறுகிறது, கடற்காற்றும் வந்து தள்ளுகிறது, மேகம் கோபுரமாக வளர்கிறது. அதன் உச்சியில் இருப்பது பனிக்கட்டி. நமக்கு வியர்த்து ஊற்றும்போதுகூட அங்கே உறைந்துதான் கிடக்கிறது.*

[* சில நேரம் கரையாமல் ஆலங்கட்டியாகவே விழும். அன்று மட்டும் ஊரே படம் எடுத்துப் போடும்.]

அந்தப் பனி விழும்போது கரைகிறது. வழியில் பாதித் துளிகள் ஆவியாகின்றன. இரண்டும் சேர்ந்து காற்றைக் குளிரவைக்கின்றன. குளிர்ந்த காற்று கனம் தாளாமல் பொத்தென்று இறங்கி, தரையில் அடித்து, நாலாபக்கமும் ஓடுகிறது. மழைக்கு முன்னால் ஓடுகிறது.

அந்தக் காற்றில்தான் சாலையோரத்து அங்சானா மரம் ஒன்று சாய்ந்தது. லோகேஸ்வரி கடையிலிருந்து கிளம்பி முதல் திருப்பம்கூடத் தாண்டவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையில் அவளுடைய மழைச்சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அன்றைய முன்னறிவிப்பைப் பிறகு தேடி எடுத்தேன்: பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் மழை. முதல்நாளும் அதுவே, மறுநாளும் அதுவே. அது தவறாக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். சரியாக இருந்து தொலைத்தது.

5

தாமரை படித்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, பென்சிலோடு.

“நான் பாக்கவே இல்லப்பா. ஏன் பாத்தேன்னு எழுதிருக்கீங்க?”

“கதைதானே.”

“அப்போ என் பேர எடுத்துடுங்க. வேற யாராச்சும் பாக்கட்டும்.”

காற்றைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் படித்தாள்.

“அப்போ பாத்திருந்தாலும், மரம் விழும்னு போட்டிருக்காது.”

“போட்டிருக்காதும்மா. தெனமும் போடுறதத்தான் போட்டிருக்கும். அம்மா மோட்டாரத்தான் எடுத்திருப்பா.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

“நான் பாக்கலப்பா” என்றாள். “அத அப்படியே எழுதுங்க.”

முதல் பகுதியைத் திருத்தினேன். நீங்கள் படித்தது அதைத்தான்.

6

முடிவுகள்:

(அ) தாமரை பார்த்துச் சொல்கிறாள். லோகேஸ்வரி, “தெனமும் இதத்தானே சொல்றான்” என்று சிரித்து மோட்டாரை எடுக்கிறாள்.

(ஆ) கொமுட்டரில் போகிறாள். மரம் வேறு யார் மேலோ விழுகிறது. அந்த வீட்டிலும் ஒருவன் உட்கார்ந்து எழுத —

(இ) திங்கட்கிழமை காலை, மின்னல் குறி இருந்தும் தாமரை பள்ளிச் சீருடை —

[இது நடக்கவில்லை. நடந்ததாக எழுத எனக்கு அனுமதியும் இல்லை.]

எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். லோகேஸ்வரியை ரயிலில்கூட ஏற்றிவிடுங்கள். தாமரை சொன்ன “வராதும்மா” என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தொடாதீர்கள்.

அவள் இன்னொரு வரியையும் அடித்திருந்தாள். மழைத்துளி கண்ணீரின் வடிவத்தில் விழுகிறது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: “தப்பு. கூர் கிடையாது. பெரிய துளி கீழே தட்டையா, பன் மாதிரி இருக்கும்.”

தேடிப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.