வட்டியில்லாக் கடன்

கம்சாயினிக்கு இரண்டு கடன்கள் இருந்தன. ஒன்று அரசாங்கத்துடையது. சம்பளம் வரும்போதே தன் பங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நாட்டை விட்டுப் போகாதவரை அதற்கு வட்டியும் இல்லை, வாயும் இல்லை. மற்றது பெரியப்பா சோதிலிங்கத்துடையது. அதற்கு வாய் இருந்தது. கோயில் வாசலில் கதைத்தது, பிறந்தநாள் வீடுகளில் கதைத்தது, அவளுடைய அப்பாவின் செத்தவீட்டில்கூடக் கதைத்தது.

அவளுடைய குடும்பம் ஓக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகாதபடியால் முதலில் அரசாங்கக் கடன் கிடைக்கவில்லை. மருத்துவப் படிப்பின் முதலிரண்டு வருடக் கட்டணம் இருபத்தாறாயிரம் டொலரையும் பெரியப்பாதான் கொடுத்தார். "வட்டி கிட்டி ஒண்டும் வேண்டாம். எங்கட பிள்ளை" என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த மாதம் அம்மா செல்வநாயகியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நகரத்துக்கு அந்தப் பக்கம் மாசி என்ற இடத்தில் பெரியப்பாவுக்கு ஒரு வீடு இருந்தது. ஆறு அறைகளையும் தனித்தனியே வாடகைக்கு விட்டிருந்தார். 'சனி காலமை எட்டு மணி. குசினியும் ரெண்டு பாத்ரூமும்.' அம்மா தாங்கள் இருந்த பாபகூராவில் விடியற்காலை ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய், அந்த வீட்டுச் சமையலறையையும் குளியலறைகளையும் கழுவிவிட்டு வந்தாள். அதற்கடுத்த சனிக்கும் செய்தி வந்தது. பிறகு எல்லாச் சனிக்கும் வந்தது. கூலியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கேட்க அம்மாவுக்கும் நா எழவில்லை.

படிப்பின் மூன்றாம் வருடத்தில் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிரேதத்தைச் சுற்றி நின்றவர்களிடம் பெரியப்பா, "பிள்ளையின்ர படிப்பைப் பற்றி யோசிக்காதேங்கோ, அதை நான்தானே பாக்கிறன்" என்றார். அந்த நேரம் அவளுக்கு அரசாங்கக் கடன் கிடைத்துச் சில மாதம் ஆகியிருந்தது.

நாலாம் வருடம், அந்த மாசி வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கம்சாயினி அவசரப் பிரிவுக்கு ஓடிப்போனபோது திரைச்சீலைக்கு உள்ளே பெரியப்பாவின் குரல் கேட்டது.

"வீட்டில விழுந்தனான் எண்டு சொல்லு. வேலையில எண்டு சொன்னியெண்டால் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேப்பாங்கள். விளங்குதோ?"

"ஓம் அத்தான்" என்றாள் அம்மா.

கம்சாயினி திரைக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். உள்ளே போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கடன் வாங்கியவன் கத்தினால் ஊர் சிரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இந்த மனுசனின் வாயாலேயே இவரைக் கட்டிப்போட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

ஆறு கிழமை கழித்துக் கட்டை அவிழ்த்தார்கள். அடுத்த சனி அம்மா மறுபடியும் ரயில் ஏறினாள்.

படிப்பு முடிந்து தெற்கு ஓக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தொடங்கியதும், கம்சாயினி யாராவது வரமுடியாமல் விட்ட வேலைமுறையையெல்லாம் எடுத்துச் செய்தாள். கூடப் படித்தவர்கள் கார் வாங்கினார்கள், ஃபிஜிக்குப் போனார்கள். அவள் பாணும் பருப்பும் தின்று காசு சேர்த்தாள். "இனிப் போகாதேங்கோ அம்மா" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். "கடன் முடியட்டும் பிள்ளை" என்பதற்கு மேல் அம்மா பேசவில்லை.

ஆஸ்பத்திரித் தொழிற்சங்கத்தில் வெற்றி என்று ஒரு திருச்சிக்காரர் இருந்தார். ஒரு மத்தியானம் அவரிடம் அம்மாவின் போனைக் கொடுத்தாள். அவர் செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"தேதி, நேரம், என்ன வேலைன்னு எல்லாமே அவரே எழுதிக் குடுத்திருக்காரும்மா. சட்டப்படி கடைசி ஆறு வருஷச் சம்பளம் கேக்கலாம். ஆனா அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? கடனுக்கு வட்டியா வேலை செஞ்சாங்கன்னு சொல்லுவாரு. அதுதான் சிக்கல்."

"வட்டி வாங்கேல்லை எண்டு அவரே எழுதித் தந்தால்?"

வெற்றி அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "எழுதித் தருவாரா?"

"தனியக் கேட்டால் தரமாட்டார். சபையில கேட்டால் தருவார்."

பெரியப்பாவின் அறுபதாவது பிறந்தநாளை கிளென்ஃபீல்டில் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். நூற்றைம்பது பேர் இருக்கும். கேக் வெட்டியதும் அவர் மைக்கைப் பிடித்து, கம்சாயினியை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டார். "இந்த டொக்டரை உருவாக்கினது ஆர் தெரியுமோ?" சபை கைதட்டியது.

அவள் மைக்கை வாங்கினாள். "பெரியப்பா தந்த இருபத்தாறாயிரத்தையும் இண்டைக்குத் திருப்பிக் குடுக்கிறன்" என்று சொல்லி, போனை எடுத்து அங்கேயே அனுப்பினாள். பெரியப்பாவின் சட்டைப்பைக்குள் போன் கிணுங்கியது. சனம் சிரித்துக் கைதட்டியது.

"கடன் முடிஞ்சுது எண்டு ஒரு கடுதாசி தாங்கோ பெரியப்பா. வட்டி ஏதும் மிச்சம் இருந்தால் அதையும் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

"வட்டியோ!" அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "தம்பியின்ர குடும்பத்திட்ட நான் வட்டி வாங்குவனே? ஒரு சதம் வாங்கேல்லை. காசாயும் இல்லை, வேற விதமாயும் இல்லை. கொண்டா, அப்பிடியே எழுதித் தாறன்."

எழுதினார். சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். முன்வரிசையில் இருந்த அம்மா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். கம்சாயினி கடுதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்தக் கேக்கைப் போல ருசியான ஒன்றை அவள் வாழ்நாளில் தின்றதில்லை.

திங்கட்கிழமை அம்மாவின் பேரில் சம்பள முறைப்பாடு போனது. கேட்ட தொகை விடுமுறைச் சம்பளத்தோடு முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

இரண்டு மாதம் கழித்து மத்தியஸ்த அறையில் ஒரு நீள மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா மெலிந்து போயிருந்தார். "அது வட்டிக்குப் பதிலாச் செய்த உதவி" என்று அவருடைய வக்கீல் தொடங்கினார். கம்சாயினி கடுதாசியை விரித்து மேசையின் நடுவில் தள்ளினாள். வக்கீல் வாசித்தார். பிறகு தன் கட்சிக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"பாதித் தொகையோடு முடித்துக்கொள்ளலாமா?" என்று மத்தியஸ்தப் பெண் கேட்டதும் கம்சாயினி யோசித்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த முகம் கறுத்ததைக் கண்ணால் கண்டுவிட்டாள். அம்மாவும் இந்த மட்டில் விட்டுவிடத்தான் சொல்லுவாள் என்று எண்ணித் திரும்பினாள்.

அம்மா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோதிலிங்கம்," என்றாள். புருசனின் அண்ணனை இருபத்தெட்டு வருடமாக அத்தான் என்று மட்டுமே சொன்ன வாய். "ஒரு சதமும் குறைக்கமாட்டன்."

"செல்வநாயகி, நாங்கள் ஒரு குடும்பமெல்லோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். என்ர கை முறிஞ்ச அண்டைக்கு என்னைப் பொய் சொல்ல வைச்சனீர். ஒருக்கால் நோகுதோ எண்டு கேட்டனீரோ? நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். கேட்டிருந்தால் இண்டைக்கு இந்தக் கதிரையில நான் இருந்திருக்கமாட்டன்."

அவர் மகளைத்தான் எதிரி என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தார். கம்சாயினியும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். அம்மா நாலு வருடமாக வாயைத் திறக்காமல் இதை வளர்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

முழுத் தொகையும் வந்தது. மாசி வீட்டை விற்கத்தான் வேண்டியிருந்தது என்று பெரியம்மா ஊரெல்லாம் அழுதாள். அது பொய் என்று தெரிந்தாலும் கேட்கக் கம்சாயினிக்கு இனிமையாகவே இருந்தது. சிலர் கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கலியாண வீடுகளுக்கு அழைப்பு நின்றுபோனது. கோபம் தீர்ந்தால் மனது பாரமாகும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒரு பாரமும் வரவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அம்மாவின் போன் அடித்தது. ரதிதேவி என்று ஒருத்தி. ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைப்பவளாம், அவ்வளவாகப் பழக்கமில்லை. குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் பதினாலு மாசமாச் சரியாச் சம்பளம் தரேல்லை. நீங்கள் எங்க போய்க் கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மா அடுப்பை நிறுத்தினாள். கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"ஆர் உம்மட முதலாளி?" என்றாள். "முதல்ல ஆளின்ர பேரைச் சொல்லும்."