நிலவு மண் அரைத்தவர்கள்

ஒரகடத்தில் ஒரு கம்பெனி, நிலவு மண்ணைப் போன்ற தூளில் செங்கல் செய்து பார்த்தது. நிலவில் தளம் கட்டி, அங்கிருந்து செவ்வாய் கிரகத்துக்குப் போவது திட்டம். அந்தத் தூளுக்காகக் கல்லை அரைத்தவன் திருநெல்வேலிக்காரன் வேல்ராஜ்.

இருமல் நிற்காததால் பக்கத்து ஊரான படப்பையில் ஒரு டாக்டரிடம் போனான். "நுரையீரல்ல கல்தூசி படிஞ்சிருக்கு. இனி சரியாகாது," என்றார் அவர்.

வேல்ராஜ் நேராகக் கம்பெனிக்கு வந்தான். அவனே கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்ட தம்பி நெல்லையப்பன் அரவை மெஷினில் நின்றிருந்தான். வேல்ராஜ் மெஷினை நிறுத்தி விஷயத்தைச் சொன்னான்.

"வாலே, ஊருக்குப் போயிருவோம்."

"போயி என்னண்ணே செய்ய? உன் வைத்தியத்துக்கு யாரு சம்பாதிக்கது?"

நெல்லையப்பன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினைப் போட்டான். தடுக்கப் போன வேல்ராஜை இருமல் மடக்கி உட்காரவைத்தது.