திறந்தே கிடக்கும் மைக்கூடு

மை மறுபடியும் ஏடு கட்டியிருந்தது.

பேனா முனையால் தொட்டுப் பார்த்தாள். மேலே மெல்லிய கறுப்புத் தோல். அதைக் கிழித்தால் உள்ளே கூழ். காலையில் ஊற்றிய புது மை அது. அப்போது தண்ணீராக ஓடியது. இப்போது முனையில் ஒரு பொட்டாகத் தொங்கிக்கொண்டு, தாளில் இறங்க மாட்டேன் என்கிறது.

மூடி நெடுநேரம் திறந்தே கிடந்திருக்க வேண்டும். அப்படிக் கிடக்க ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஏனென்றால் அந்த மைக்கூட்டைச் செய்தவளே அவள்தான். ஒரு தடிப்பலகை, அதில் குடைந்து இறக்கிய கண்ணாடிக் குப்பி, அதன்மேல் தகர மூடி. மூடி ஒரு நீளமான கம்பியின் நுனியில் இருந்தது. கம்பி நடுவில் ஓர் அச்சில் ஏற்றம் இறக்கமாக ஆடும். மூடி இருக்கும் பக்கத்திலேயே பேனாவை வைக்க ஒரு கவை. எதிர்ப்பக்கத்து நுனியில் கோட்டுச் சட்டைக்குப் போடும் பித்தளைப் பொத்தான் ஒன்று, எடைக்காக. பேனாவைக் கவையில் வைத்தால் அந்தப் பக்கம் கனத்து மூடி இறங்கும். பேனாவை எடுத்தால் பொத்தானின் கை ஓங்கி மூடி எழும். திருகு இல்லை, தக்கை இல்லை. ஒரு கை போதும்.

ஒரு கைதான் அவளிடம் இருந்தது. இன்னொரு கையில் பிள்ளை. அவனை வீட்டில் எல்லோரும் முதலாளி என்றார்கள். அவளுடைய இடது தோள்தான் முதலாளியின் நாற்காலி. இறக்கி விட்டால் வீடு இரண்டாகும்.

அவள் வேலை வரைபடம். ஊருக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களை மெழுகுத் துணித்தாளில் மையால் இழுத்து, தெருப் பெயர்களை எழுதித் தர வேண்டும். இதற்குச் சாதாரண மை ஆகாது. குழிக்குள் இறங்குகிறவர்கள் ஈரக்கையோடு அந்தத் தாளைப் பிரிப்பார்கள். அதனால் மையில் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஆனால் காய்வதற்கும் அதற்கு நேரம் காலம் கிடையாது. காற்றுப் பட்டால் போதும், தடித்துவிடும். மை தடித்தால் கோடு தடிக்கும். கோடு தடித்தால் பக்கத்தில் பக்கத்தில் போகும் இரண்டு குழாய்கள் ஒன்றாகத் தெரியும். குழி தோண்டுகிறவன் அந்தக் கோட்டை நம்பித்தான் கடப்பாறையை இறக்குவான்.

போன தாள் திரும்பி வந்துவிட்டது. தலைமை வரைவாளர் கோபப்படக்கூட இல்லை. "வீட்ல வெச்சு செய்யறது ஒத்து வரலன்னா சொல்லிடுங்கம்மா. இங்க வந்து உக்காந்து செய்ய ஆளு இருக்கு. இந்தத் தாளும் இப்படி வந்தா, எனக்கு வேற வழியில்ல" என்றார். தன்மையாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. துவைத்த துணி மறுபடி அழுக்காகும். ஊட்டிய வயிறு மறுபடி பசிக்கும். நாளெல்லாம் செய்வதில் கோடு ஒன்றுதான் போட்டது போட்டபடி கிடந்தது.

உள்ளறையில் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பகல்தான் அவன் ராத்திரி. கதவை லேசாகத் திறந்தாள்.

"நீங்க பேனாவை எடுத்தீங்களா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான் எதுக்கு எடுக்கறேன்? ரொட்டிமேல கையெழுத்துப் போடவா?"

"மூடி ரொம்ப நேரம் தொறந்து கெடந்திருக்கு."

"மூடிடு."

அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். பேனாவை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். ஒவ்வொரு தடவையும் மூடி சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றாக இருக்குமோ என்று ஜன்னலைச் சாத்தினாள். மேசை ஆட்டமாக இருக்குமோ என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தாள். மறுநாள் பிற்பகலில் மை மறுபடி ஏடு கட்டியது.

கீழ்த்தளத்தில் கணவனின் அக்காவுக்குத் தையல் கடை. முதலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், முறையிட்டாள்.

"நான் பேனாவ வெக்காம எழுந்திரிக்கறதே இல்ல அண்ணி. வெச்சா மூடுது. அப்படியும் ரொம்ப நேரம் தொறந்து கெடந்த மாதிரி மை தடிச்சிருது."

அண்ணி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவை வாயில் இருக்கும்வரை யாரும் அவளிடமிருந்து பதில் எதிர்பார்ப்பதில்லை.

"வாயத் தொறந்து தொறந்து மூடுதுன்னா கொட்டாவிதாம்மா. உன் மைக்கூட்டுக்குத் தூக்கம் வருது."

"வெளையாடாதீங்க அண்ணி. இந்தத் தாள் போச்சுன்னா வேலையே போச்சு."

"சரி சரி. நான் நாளைக்கு ஒரு தரம் மேல வந்து பாக்கறேன்."

மறுநாள் முழுக்க அவள் மூடிமேல் கண்ணாகவே இருந்தாள். இரண்டு தெருக்களை முடித்தாள். மூன்றாவது தெருவில் குழாய் வளையும் இடத்தில் முனை இழுபட்டது. பார்த்தால் மூடி திறந்தே கிடந்து மை தடித்திருந்தது. அண்ணி வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி, இப்பதான் வந்தீங்களா? பாருங்க இத. இன்னைக்கு நான் ஒரு நிமிஷம்கூட அசரல. கண்ண எடுக்கவே இல்ல. அப்படியும் எப்படி இவ்வளவு நேரம் தொறந்து கெடந்துச்சு?"

"அசரவே இல்லையா?"

"சத்தியமா இல்ல."

"வலது கையத் தூக்கு."

தூக்கினாள். மேல்சட்டையின் கைமடிப்பைச் சுற்றிச் சிவப்பு நூலில் ஒரு வரிசை ஓட்டுத்தையல். இழை இழையாக, அவசரமில்லாத தையல். கடைசியில் முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்திருந்தது.

"ஓரம் பிரிஞ்சு தொங்குச்சு. மடிச்சு அடிச்சுட்டேன்" என்றாள் அண்ணி. "உன் மணிக்கட்டச் சுத்தி ஊசி போயிட்டு வந்துச்சு. நீ அசையல. கண்ணு வேற பாதி தொறந்திருக்கு. 'ஏம்மா'ன்னு கூப்பிட்டேன். 'ம்'ன்ன. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவள் தையலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியவே இல்லையே அண்ணி."

"தூங்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மைக்கூட்டின் பக்கம் திரும்பினாள். "அப்ப பேனா எங்க இருந்துச்சு?"

"கையிலதான். உருவிப் பாத்தேன், வரல. ஆள் தூங்கினாலும் புடி தூங்கல."

அதோடு எல்லாம் விளங்கிவிட்டது. மூடி பேனாவுக்காகக் காத்திருந்தது. பேனா தூங்குகிறவள் கையில் இருந்தது. கம்பியிலும் அச்சிலும் ஒரு குறையும் இல்லை. விழித்திருக்கிற ஒருத்திக்காக அவள் அதைச் செய்திருந்தாள். அப்படி ஒருத்தி அந்த வீட்டில் இல்லை.

"நல்லாத் தூங்கு. மை தானா சரியாயிடும்" என்றாள் அண்ணி.

"எப்ப அண்ணி?"

அண்ணி முதலாளியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"போடா, பெரிய இவன்" என்றாள் அண்ணி. பிறகு மைக்கூட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு கையும் துணிமேலதான் இருக்கு. மெஷின ஓட்டறது காலு. இதையும் காலுக்கு விட்டுடேன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூடியிலிருந்து ஒரு கயிற்றை மேசை விளிம்பு வழியாகக் கீழே இறக்கி, ஒரு மிதிபலகையில் கட்டினார்கள். மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். அவள் உட்கார்ந்தாள், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள், பேனாவை எடுத்தாள். மூடி படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் சாய்த்தாலே அவள் கால் ஆடும். அது அவளைக் கேட்டு ஆடுவதில்லை. நிறுத்திப் பார்த்தாள். முதலாளி தலையைத் தூக்கி, வேலைநிறுத்தத்தைக் கண்டித்து ஒரு சத்தம் போட்டான். கால் மறுபடி ஆடியது. மூடி மறுபடி அடித்தது.

"ஐயையோ, மென்னு திங்குதே!" அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவிழ்த்துவிட்டார்கள். இடது கை முதலாளிக்கு. வலது கை அலுவலகத்துக்கு. கால் தாலாட்டுக்கு. மிச்சம் தலை ஒன்றுதான். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது.

தாளில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் கணவன் எழுந்து வந்து, வேலைக்குப் போகுமுன் மேசையோரம் உட்கார்ந்தான். முழங்கையில் புதிதாக ஒரு சூட்டுக் காயம்.

"என்னங்க இது?"

"அடுப்புக் கதவு. சனியன், தொறந்து நிக்கவே நிக்காது. ஒரு கையால தூக்கிப் புடிச்சுட்டே தட்ட வெளிய இழுக்கணும். விட்டா பொத்துனு விழுந்துடும். கொக்கி ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

"ஏன் போட மாட்டேங்கறாங்க?"

"போட்டா தொறந்து வெச்சுட்டு நாங்க தூங்கிடுவோமாம். அடுப்பு ஆறிடுமாம்." அவன் கொட்டாவி விட்டான். "தூங்கத்தான் செய்வோம். அது வேற விஷயம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கைக்கு எண்ணெய் போடறேன், இருங்க."

எண்ணெய் போடும்போதே மனசுக்குள் மைக்கூட்டின் கம்பியைக் கழற்றிவிட்டாள். அந்தக் கதவைக் கட்டியவனுக்கு ஆட்களைத் தெரிந்திருக்கிறது. தூங்குகிறவன் எதையும் செய்ய மாட்டான். ஆகவே மூடுவது என்பது யாரும் செய்ய வேண்டிய வேலையாக இருக்கக் கூடாது. யாரும் எதுவும் செய்யாதபோது நடப்பதாக இருக்க வேண்டும். அவள் தலைகீழாகச் செய்திருந்தாள். அவளுடைய மூடி தன்பாட்டுக்குத் திறந்துகொள்ளும். அதை மூடத்தான் ஆள் வேண்டும்.

அப்படியானால் திறப்பது எது? காலி கை இல்லை, கால் இல்லை. ஆனால் மை தொட ஒரு கை எப்படியும் குப்பியண்டை வந்தாக வேண்டும். வெறுங்கையை அசைத்து, மை தொடுவதுபோல் மெதுவாகச் செய்து பார்த்தாள். முனை குப்பிக்குள் இறங்குமுன், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு ஒவ்வொரு தடவையும் பலகையின் முன்பகுதியில் ஒரே இடத்தில் அமர்ந்தது. அவள் சொல்லித்தராமலே அந்தக் கை அதைச் செய்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஒரு சிறிய தட்டு வேண்டும். அவ்வளவுதான்.

கணவன் பழைய ரொட்டி அச்சுத் தகரம் ஒன்று கொண்டுவந்தான். அண்ணி உடைந்த தையல் ஊசி ஒன்றைக் கொடுத்தாள். கம்பி ஆடும் அச்சுக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. உருக்கு, வழவழப்பு, நூல் பிடித்தாற்போல் நேர். புதுக் கம்பியின் முன்நுனியில் தட்டு, பின்நுனியில் மூடி, நடுவில் ஊசி. பொத்தானை மூடியின் முதுகில் ஒட்டிவிட்டாள். இனி அதன் கனம் மூடுவதற்குத்தான்.

ஊசியை எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்சம் மல்லுக்கட்டு. மூடிக்கு மிக அருகே வைத்தால் தட்டு பூப்போல அழுந்தியது. ஆனால் மூடி பேனா நுழையும் அளவுக்கு எழவில்லை. தட்டுக்கு அருகே வைத்தால் மூடி வாயைப் பிளந்தது. ஆனால் கையால் அமுக்க வேண்டியிருந்தது, முனை நடுங்கியது. ஊசியை மாற்றி மாற்றிக் குத்தி, கையின் கனமே போதும், பேனாவும் இடிக்காமல் நுழையும் என்கிற இடத்தில் நிறுத்தினாள். மூடி விழும்போது 'டொக்' என்றது. முதலாளி கண் விழித்தான். மூடிக்கு உள்ளே கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டியதும் சத்தம் போயிற்று. காற்றும் புகவில்லை.

"எல்லாம் சரி. இவன் எட்டி அந்தத் தட்ட அடிச்சான்னா?" என்றாள் அண்ணி.

அதுவும் நியாயம்தான். தட்டு அவனுக்குப் பிடித்த உயரத்தில், பிடித்த பளபளப்பில் இருந்தது. பழைய கவை சும்மா கிடந்தது. அதை எடுத்துத் தட்டுக்கு அடியில் பொருத்தினாள். பேனாவைப் பக்கவாட்டில் அதற்குள் செருகினால், தட்டு இறங்க இடமில்லை. முதலாளியை மேசைக்கு அருகே கொண்டுபோய்க் காட்டினாள். அவன் மனம் நிறையத் தட்டைத் தட்டினான். மூடி அசையவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் தட்டினான்.

"அவன் முழிச்சிருந்து, நீ பேனாவக் கையில வெச்சுட்டுத் தூங்கினா?"

"அவன் முழிச்சா நான் தூங்க முடியுமா அண்ணி? தெருவே தூங்க முடியாது."

அடுத்த நாள் பிற்பகல் அவள் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தாள். இரண்டு குழாய்கள் ஒட்டி ஒட்டிப் போகும் இடம். முதல் கோட்டை இழுத்து முடித்தாள். இரண்டாவதைத் தொடங்கப் பேனாவை எடுத்துச் செல்லும்போது கைமடிப்பில் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தாள்.

நீல நூல். பாதிச் சுற்றுத்தான் போட்டிருந்தது. ஊசி இன்னும் தொங்கியது. பக்கத்து முக்காலியில் அண்ணி தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் முதலாளி தூங்கினான். உள்ளறையில் கணவன் குறட்டை.

பேனா அவள் கையில்தான் இருந்தது. முனை காய்ந்திருந்தது. மூடி மூடியிருந்தது.

முனையைத் துடைத்துவிட்டுக் கையைக் குப்பியண்டை கொண்டுபோனாள். கை தட்டில் அமர்ந்தது, மூடி எழுந்தது, முனை நனைந்தது. கையை எடுத்தாள், மூடி இறங்கியது. மை தண்ணீராக ஓடி, முதல் கோட்டுக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், மெல்லிய இரண்டாவது கோடாகப் போய் முடிந்தது.

கையின் கனம் தட்டில் இருக்கும்வரை மூடி திறந்திருக்கும். கை போனால் தன் கனத்தாலேயே மூடிக்கொள்ளும். பேனா தட்டுக்கு அடியில் இருந்தால் திறக்கவே திறக்காது.